கோல்ஃப் ஹோலைத் திட்டமிட்டு ஆடுவது எப்படி? டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

துபாயிலோ பெங்களூரிலோ வேலை பார்த்தபோது கோல்ஃப் பழகிவிட்டு, ஊர் திரும்பிய பிறகும் அதை விட மனமில்லாதவர்கள் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் இருக்கிறார்கள். ஆட வேண்டுமென்றால் கொடைக்கானல், கோவை, சென்னை என்று கிளம்பிப் போக வேண்டியிருக்கிறது. வருஷத்தில் சில முறைதான் அது கூடிவரும். அதனால் இருக்கிற நேரத்தையெல்லாம் ஸ்விங்கை, அதாவது மட்டையை வீசும் முறையைத் திருத்துவதில் செலவழிக்கிறோம். வாரம் மூன்று நாள் மைதானம் கிடைக்காதவருக்கு அந்த வழியில் பெரிய பலன் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம். எந்த மட்டையை எடுப்பது, எங்கே குறிவைப்பது, எதை விட்டுவிடுவது என்ற முடிவுகளைத் திருத்த மைதானம் வேண்டாம். ஸ்கோர் கார்டும் ஒரு பென்சிலும் இருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். ஹோல் என்பது டீ என்ற தொடக்க இடத்திலிருந்து, கிரீன் என்ற மழித்த புல்தரையில் கொடி நட்ட குழி வரையுள்ள ஆடுபாதை. 18 ஹோலுக்கு 90 முதல் 110 அடி வரை எடுக்கிற சாதாரண ஆட்டக்காரரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் தூரம்

எல்லாத் திட்டமும் இந்த ஒரு எண்ணில் நிற்கிறது: ஒவ்வொரு மட்டையாலும் பந்து காற்றில் எவ்வளவு தூரம் போய் விழுகிறது. உருண்டு போய் நின்ற இடம் வேறு, விழுந்த இடம் வேறு. தண்ணீரையோ பங்கர் என்ற மணல்குழியையோ தாண்டுமா என்று தீர்மானிப்பது விழுந்த இடம்தான்.

இதை அளக்க நம் ஊரே போதும். சம்பா அறுத்த கையோடு வயல் காலியாகாது, தாளில் உளுந்தும் பயறும் நிற்கும். அதையும் எடுத்த பிறகு, சித்திரை, வைகாசியில், தெரிந்தவர் வயலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆளோ ஆடு மாடோ 250 கஜத்துக்குள் இருக்கக் கூடாது. கோல்ஃப் பந்து 46 கிராமுக்குள்தான் இருக்கும், ஆனால் மேலே பட்டால் மண்டை உடையும். இதில் சமரசமே கூடாது.

காய்ந்த களிமண்ணில் ஒரு வசதி உண்டு. பந்து விழுந்த இடத்தில் புழுதி எழும்பும். கூட ஒருவரை நிறுத்தி, புழுதி எழும்பிய இடத்தில் குச்சி நடச் சொல்லுங்கள். ஒரு மட்டைக்கு இருபது பந்து. மிக நீளமாகப் போனதில் இரண்டையும், மண்ணை வெட்டிக் கிட்டவே விழுந்ததில் இரண்டையும் தள்ளிவிட்டு, மீதியின் நடுவை எடுங்கள். அதுதான் உங்கள் எண். ஒரே ஒருமுறை நன்றாக மாட்டி 160 கஜம் போன 7 நம்பர் அயர்னை (நடுத்தரத் தூரத்துக்கான இரும்பு மட்டை) நம்பி, வாழ்நாள் முழுக்க பங்கரில் விழுகிறவர்கள் நிறையப் பேர்.

தூரத்தோடு அகலத்தையும் எழுதுங்கள். இருபது குச்சிகளில் இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் நடுவே எத்தனை கஜம்? மிக நீளமாக அடிக்கும் மட்டையான டிரைவரில் 50, 60 கஜம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அதை நேராக்க முயல்வதைவிட, அந்த அகலம் முழுவதும் எங்கே விழுந்தால் பிழைக்கலாம் என்று யோசிப்பது உடனே பலன் தரும்.

பங்கர் மணலில் பழகவும் வெளியூர் போக வேண்டாம். கோடையில் கொள்ளிடத்தில் தண்ணீர் இல்லாதபோது மணல் பரந்து கிடக்கும். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலில் மட்டை இறங்க வேண்டும், பந்தைத் தொடக் கூடாது. மணலில் ஒரு கோடு கிழித்து, பந்து வைக்காமல் கோட்டிலேயே மட்டை இறங்கும்வரை பழகுங்கள். அணையில் தண்ணீர் திறக்கும் செய்தி வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஸ்கோர் கார்டை வீட்டிலேயே படியுங்கள்

பெரும்பாலான 18 ஹோல் மைதானங்களின் பார், அதாவது நல்ல ஆட்டக்காரர் எடுக்க வேண்டிய அடிகளின் எண்ணிக்கை, 72ஐ ஒட்டி இருக்கும். வழக்கமான கணக்கு: பார் 3 நான்கு, பார் 5 நான்கு, பார் 4 பத்து. கார்டில் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் என்று ஒரு வரிசை உண்டு. எந்த ஹோலில் முதலில் கூடுதல் அடி தரப்படும் என்று சொல்வது அது. 1 என்று போட்டிருப்பது பெரும்பாலும் கடினமான ஹோல்.

உங்கள் ஹாண்டிகேப், அதாவது ஒரு ஆட்டத்துக்குத் தரப்படும் கூடுதல் அடிகள், 18 என்றால் ஒவ்வொரு ஹோலிலும் ஒரு அடி கூடுதல். அப்படியென்றால் பார் 4 உங்களுக்கு 5. பென்சிலால் கார்டில் உங்கள் பாரையே எழுதிவிடுங்கள். 4 என்று அச்சிட்டிருப்பதால்தான் 190 கஜம் தள்ளி தண்ணீருக்குப் பின்னால் இருக்கும் கிரீனை இரண்டாவது அடியில் பிடிக்கப் பார்க்கிறோம். 5 என்று எழுதியிருந்தால் அந்த ஆசையே வராது.

கொடியிலிருந்து பின்னோக்கி

ஹோலை டீயிலிருந்து யோசிக்காதீர்கள், கிரீனிலிருந்து யோசியுங்கள். கொடி எந்தப் பக்கம்? அதற்கு முன்னால் பங்கர் எங்கே? கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது? அப்படியானால் ஃபேர்வேயின் (நடுவே புல் வெட்டிய பாதை) எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் வழி திறந்திருக்கும்? அந்த இடத்துக்குப் பந்தைக் கொண்டுவர டீயில் எந்த மட்டை? இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள்.

ஒரு கற்பனை ஹோலை எடுத்துக்கொள்வோம். பார் 4, 370 கஜம். 215 கஜத்திலிருந்து 225 வரை குறுக்கே ஒரு வாய்க்கால். வலப்பக்கம் முழுக்கச் சுவர், அதற்கு அப்பால் எல்லைக்கு வெளியே, அதாவது ஓ.பி. இடப்பக்கம் தென்னை. கிரீனின் வலது முன்பக்கம் பங்கர், கொடி அதற்குப் பின்னால். உங்கள் டிரைவர் காற்றில் 200, உருண்டு 215. அதைவிடக் குட்டையான மட்டை ஹைபிரிட், மொத்தம் 180. 7 நம்பர் அயர்ன் 135.

டிரைவரை எடுத்தால் என்ன ஆகும்? நன்றாக அடித்தால் வாய்க்கால். வலப்பக்கம் வளைந்தால் ஓ.பி. மோசமாக மாட்டினால்தான் பந்து பிழைக்கும். நல்ல அடிக்குத் தண்டனை கிடைக்கிற மட்டையை எடுப்பதில் அர்த்தமே இல்லை. ஆக ஹைபிரிட். 180 கஜத்தில், வாய்க்காலுக்கு 35 கஜம் முன்னால் நிற்கிறோம். மீதி 190.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 190 எட்டாது என்று தெரிந்ததும், "எனக்குப் பிடித்த 80 கஜம் மிச்சம் வைக்கிறேன்" என்று குட்டையான மட்டையை எடுப்பார்கள். பலரும் சொல்லித்தரும் யோசனை அது. நான் அதோடு உடன்படவில்லை. நடுவில் ஆபத்து இல்லையென்றால் முடிந்தவரை கிட்டப் போவதே நல்லது. 80 கஜத்திலிருந்து போடுவதைவிட 15 கஜத்திலிருந்து போடும் பந்து குழிக்கு அருகில் நிற்கும், அநேகமாக எல்லோருக்குமே. ஆகவே மறுபடியும் ஹைபிரிட். ஆனால் குறி கொடியில் இல்லை, கிரீனின் இடது முன்மூலையில். பங்கர் வலப்பக்கம் ஒதுங்கிவிடும். 15 கஜத்துச் சிப் (கிரீனுக்கு எழுப்பும் சின்ன அடி), இரண்டு பட் (கிரீனில் உருட்டும் அடி), ஆக 5. சிப் நன்றாக விழுந்தால் 4. இந்த வழியில் 8 எழுதுவதற்கு நிறையவே மெனக்கெட வேண்டும்.

சரி, பின்காற்று அடிக்கிறது, ஃபேர்வே காய்ந்து கிடக்கிறது என்றால்? ஹைபிரிட்டே உருண்டு 205 போகலாம். இன்னும் ஒரு மட்டை கீழே இறங்குங்கள். எண்கள் மாறும், கேள்விகளின் வரிசை மாறாது.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி பல லட்சம் அடிகளின் விவரங்களைத் தொகுத்து ஆராய்ந்தவர். நல்ல ஆட்டக்காரருக்கும் மற்றவருக்கும் உள்ள ஸ்கோர் வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 100 கஜத்துக்கு வெளியிலிருந்து அடிப்பதில்தான் வருகிறது என்பது அவர் கண்டது. பட்டிங் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நம்பியவர்களுக்கு அது புதுச் செய்தியாக இருந்தது. டீயிலும் இரண்டாவது அடியிலும் எடுக்கும் முடிவுக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பது அதனால்தான்.

டீயில் நிற்கும் இடம்

இரண்டு டீ குறிகளுக்கும் நடுவே மட்டுமல்ல, பின்னால் இரண்டு மட்டை நீளம் வரை எங்கே வேண்டுமானாலும் பந்தை வைக்கலாம். ஆபத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கக் குறியை ஒட்டி வைத்து, எதிர்ப்பக்கம் பார்த்து அடியுங்கள். வலக்கைக்காரரின் பந்து வலப்பக்கம் வளைவதுதான் அதிகம் காணும் நோய். வலது குறியை ஒட்டி வைத்து இடது ஃபேர்வேயைக் குறிவைத்தால், வளைந்து வந்தாலும் நடுவில் விழும். நேராகவே போனாலும் இடப்பக்கம் பத்திரம். ஓ.பி. பக்கம் நின்று நடுவைக் குறிவைத்தால் பாதி ஃபேர்வே வீணாகிறது.

பார் 3, பார் 5

பார் 3இல் கொடியைப் பார்க்காதீர்கள், கிரீனின் நடுவைப் பாருங்கள். அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தின் 12ஆவது ஹோல் 155 கஜம்தான். முன்னால் ரேஸ் கிரீக் ஓடை. அங்கே நடந்த 2019 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில் மொலினாரி, கெப்கா, போல்டர், ஃபினாவ் நால்வரும் அந்தத் தண்ணீரில் போட்டார்கள். கொடி வலப்பக்கம் இருந்தது. டைகர் உட்ஸ் அதைத் தொடவில்லை, இடப்பக்கம் அகலமான இடத்தில் பந்தை இறக்கி, இரண்டு பட்டில் முடித்து, பட்டத்தையும் வாங்கினார். அவருக்கே நடு போதும் என்றால் நமக்கு என்ன குறைச்சல்? நம்மில் பெரும்பாலோர் தவறுவது தூரம் போதாமல்தான். அதனால் கிரீனின் பின்விளிம்பு எத்தனை கஜம் என்று கேட்டு, அந்தத் தூரத்துக்குள் அடங்குகிற மிகப் பெரிய மட்டையை எடுங்கள். சுமாராக மாட்டினாலும் நடுவில் விழும்.

பார் 5இல் நடு அடியைத்தான் வீணாக்குகிறோம். 490 கஜத்தை 200, 165, 125 என்று வகுத்துவிட்டால் எதையும் பலமாக அடிக்க வேண்டியதில்லை. ரஃபில் (நீளப் புல்லில்) கிடக்கிற பந்தை 3 நம்பர் வுட் என்ற நீள மட்டையால் தூக்கப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

தண்டனையின் விலை

விதிகள் தெரிந்தால் பயம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று புரியும்.

- சிவப்புக் குச்சி (இதுவும் மஞ்சளும் ஓடை, குளம் போன்ற ஆபத்துப் பகுதியின் எல்லையில் நட்டிருக்கும்): ஒரு அடி தண்டனை. பந்து எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், கொடிக்கு அருகில் போகாமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விடலாம்.
- மஞ்சள் குச்சி: ஒரு அடி தண்டனை. பக்கவாட்டுச் சலுகை கிடையாது. கொடியையும் பந்து கடந்த இடத்தையும் இணைக்கும் கோட்டில் பின்னால் போக வேண்டும், அல்லது பழைய இடத்திலிருந்தே அடிக்க வேண்டும்.
- வெள்ளைக் குச்சி: எல்லைக்கு வெளியே. ஒரு அடியும் போய், பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். டீயிலிருந்து போனால் அடுத்தது உங்கள் மூன்றாவது அடி.

ஆக ஓ.பி. கிட்டத்தட்ட இரண்டு அடி, சிவப்பு ஒரு அடி. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை என்றால் சிவப்பின் பக்கம் சாய்ந்து அடியுங்கள். பந்து கிடைக்குமா என்ற சந்தேகம் வந்தால் அங்கேயே ‘புரொவிஷனல்’ (தற்காலிகப் பந்து) என்று சொல்லி இன்னொரு பந்தை அடித்துவிட்டுப் போங்கள். தேட மூன்று நிமிஷம்தான். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக்குப் போனால் ஃபேர்வேயில் மழைநீர் தேங்கியிருக்கும். அதிலிருந்து பந்தை எடுத்து வைக்கத் தண்டனை இல்லை.

மரங்களுக்குள் போய்விட்டால் முதலில் ஃபேர்வேக்குத் திரும்புகிற வழியைத் தேடுங்கள், கிரீனுக்குப் போகிற இடுக்கை அல்ல. 6 அல்லது 7 நம்பர் அயர்னைப் பாதி வீச்சில் தாழ்வாக அடித்து வெளியே வாருங்கள். ஒரு அடி போகும், அதோடு முடியும்.

1999இல் ஸ்காட்லாந்தின் கார்னுஸ்டியில் பிரெஞ்சு வீரர் ஜான் வான் டி வெல்ட் கடைசி ஹோலுக்கு மூன்று அடி முன்னணியோடு வந்தார். 6 அடித்தாலே பிரிட்டிஷ் ஓபன் பட்டம் அவருக்கு. டிரைவரை எடுத்தார், அது வலப்பக்கம் விலகியும் தப்பித்தார். அடுத்ததைக் கிரீனுக்கே அடித்தார். பந்து பார்வையாளர் மாடத்தில் பட்டுத் திரும்பி அடர்ந்த புல்லில் விழுந்தது, அங்கிருந்து ஓடைக்குள் போனது. 7இல் முடித்து, பிளே-ஆஃபில் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டம்) பால் லாரியிடம் தோற்றார். அந்த இரண்டாவது அடியை வெட்ஜ் என்ற குட்டை மட்டையால் ஃபேர்வேக்குத் தள்ளியிருந்தால் போதும். எத்தனை அடி கையில் இருக்கிறது என்று எண்ணிவிட்டு மட்டையைத் தொடும் பழக்கத்தை அந்த ஹோலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்று

ஆனி, ஆடியில் திருச்சிப் பக்கம் அடிக்கிற மேல்காற்றையும், நாகப்பட்டினத்தில் பிற்பகலுக்கு மேல் ஏறுகிற கடற்காற்றையும் அறிந்தவர்களுக்குக் காற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எண் மட்டும் சொல்கிறேன். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று வந்தால் தூரம் ஏறத்தாழ 10 சதவீதம் குறையும். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் கூடுவது 5 சதவீதம்தான். எதிர்காற்றில் பலத்தைக் கூட்டினால் சுழற்சியும் கூடி பந்து மேலே எழும்பி நின்றுவிடும். ஒரு மட்டை பெரிதாக எடுத்து, பிடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, மெல்ல அடியுங்கள். கொடித்துணி ஆடுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். நன்றாக அடித்த பந்து தென்னை உயரத்துக்கு எழும்பும், ஆகவே தென்னை உச்சியில் ஓலை எப்படி ஆடுகிறது என்று பார்ப்பதுதான் சரி. ஈரக்காற்று கனமானது, அதில் பந்து போகாது என்று சொல்வார்கள். உண்மையில் ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது. தூரம் குறைந்தால் காரணம் ஈரப் புல்லில் பந்து உருளாததாக இருக்கும்.

கொடைக்கானல் போகிறவர்களுக்கு

1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், மலை ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. வயலில் எடுத்த எண்ணை அப்படியே கொண்டுபோகாதீர்கள். காற்று மெலிந்திருப்பதால் பந்து 8 சதவீதம் போல அதிகம் போகும். 135 போன அயர்ன் 145 போகும். குளிர் அதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். முதல் இரண்டு ஹோலில் கவனித்து எண்ணைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் தரை. நாம் பழகுவது தட்டையான மண்ணில். அங்கே இரண்டு காலும் ஒரே மட்டத்தில் நிற்பதே அரிது. வலக்கைக்காரருக்குப் பந்து காலைவிட மேலே இருந்தால் இடப்பக்கம் போகும், கீழே இருந்தால் வலப்பக்கம் போகும். அதற்கேற்ப குறியை நகர்த்துங்கள், ஸ்விங்கை மாற்றாதீர்கள். மேட்டுக்கு அடிக்கும்போது ஒவ்வொரு கஜ உயரத்துக்கும் ஒரு கஜம் கூட்டிக்கொள்ளுங்கள், பள்ளத்துக்கு அதேபோல் குறையுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு வாரம், வாய்க்கால் கரைச் சரிவில் நின்று பந்தில்லாமல் வீசிப் பழகினால் உடம்பு நிதானத்தைக் கற்றுக்கொள்ளும். காட்டெருமை குறுக்கே வந்தால் அது போகும்வரை காத்திருங்கள். பந்து அதன் அருகில் கிடந்தால் விட்டுவிடுங்கள்.

கிரீனில்

கிரீனைப் படிப்பதில் நம் ஊர்க்காரருக்கு ஒரு கண் இருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் வைத்தவர், எந்த மூலை தாழ்வு, எங்கே வடியும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார். கிரீனுக்கு நடந்து வரும்போதே, இதன்மேல் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் எந்தப் பக்கம் ஓடும் என்று கேளுங்கள். 30 கஜம் தள்ளியிருந்து பார்க்கும்போது சரிவு தெளிவாகத் தெரியும். கிட்டப் போய்க் குனிந்த பிறகு சின்ன வளைவுகள்தான் தெரியும். பந்து அந்தத் தாழ்ந்த பக்கம் இருக்கும்படி சிப்பைத் திட்டமிடுங்கள். மேல்நோக்கிய நான்கடித் தூரப் பட், கீழ்நோக்கிய இரண்டடித் தூரத்தைவிட நிம்மதி.

எட்டடித் தூரத்திலிருந்து உலகின் சிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே பாதி முறைதான் குழியில் போடுகிறார்கள். ஆகவே 25 அடி பட்டைப் போட நினைக்காமல், மூன்றடிக்குள் நிறுத்த நினையுங்கள். திசையை விட வேகத்தில்தான் மூன்று பட் வருகிறது. முதல் ஹோலுக்குப் போகும் முன் பயிற்சிக் கிரீனில் பத்து நிமிஷம் இருந்தால், குழியை விட்டுவிட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி விளிம்புவரை மட்டும் உருட்டிப் பழகுங்கள்.

ஆடி முடித்த பிறகு

காரில் ஊர் திரும்பும்போது கார்டை எடுத்து, ஒவ்வொரு ஹோலுக்கும் மூன்று விஷயம் மட்டும் குறியுங்கள்: டீயில் எந்த மட்டை, பந்து எந்தப் பக்கம் போனது, தண்டனை உண்டா. இரண்டு ஸ்ட்ரோக் அதிகமான ஹோல்களை வட்டமிடுங்கள். அவற்றில் எது கை தவறியதால் வந்தது, எது முடிவு தவறியதால் வந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். முடிவு தவறிய ஹோல்களை மட்டும் மறுநாள் ஒரு தாளில் படமாக வரைந்து, கொடியிலிருந்து டீவரை மறுபடி ஒருமுறை ஆடிப் பாருங்கள். அடுத்த தடவை அந்த டீயில் நிற்கும்போது எந்த மட்டையை எடுப்பது என்பது அந்தத் தாளில் ஏற்கெனவே எழுதியிருக்க வேண்டும்.